எங்கள் கணக்கில் மீன் கூடியிருக்கிறது, மீனவர்கள் வலையில் கூடவில்லை. எங்கே கோளாறு?

ஆழிநீர்:
மீன்பிடிக்கவே கூடாது என்று எல்லை போட்ட ஒரு கடல் காப்புப் பகுதியில் ஆறு ஆண்டுகளாக மீன் எண்ணும் குழுவில் தன்னார்வலராக இருக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு முறை இறங்குவோம். பாரின் (கடலடிப் பாறைத்திட்டின்) மேல் 50 மீட்டர் நாடாவை விரித்து, இரு பக்கமும் இரண்டரை மீட்டருக்குள் தென்படும் மீன்களின் இனம், எண்ணிக்கை, நீளம் மூன்றையும் பலகையில் குறித்துக்கொண்டே மெதுவாக நீந்துவதுதான் வேலை. எல்லைக்கு உள்ளேயும் செய்வோம், வெளியேயும் செய்வோம்.

போன வாரம் மீனவர் கூட்டத்தில் வரைபடத்தைக் காட்டினோம். உள்ளே கலவாய், விளமீன் இரண்டும் ஆண்டுக்கு ஆண்டு ஏறுகின்றன. வெளியே கோடு படுத்தே கிடக்கிறது. எங்களுக்கு உள்ளூரப் பெருமை. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர் எழுந்து, "உங்க மீன் உள்ளே நீந்துது, எங்க வலை வெளியே கிடக்குது. இதுல எனக்கு என்ன காட்டுறீங்க?" என்று கேட்டார். கூட்டமே சிரித்தது. சிரிப்பு அடங்கியதும் அவரே இன்னொன்று கேட்டார்: "சரி தம்பி, இந்தக் கோடு கீழே இறங்கியிருந்தா என்ன செஞ்சிருப்பீங்க?"

எங்கள் குழுவில் ஒருவருக்கும் பதில் தெரியவில்லை. ஒரு வாரமாக அந்தக் கேள்வியோடுதான் இருக்கிறேன். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

மூழ்காளி:
பெரியவரின் கேள்விக்குப் பிறகு வருகிறேன். முதலில் உங்கள் கணக்கையே கொஞ்சம் உலுக்கிப் பார்ப்போம். நாடா விரித்து எண்ணும் முறை புதிதல்ல, ஹவாயில் பிராக் என்பவர் 1954இலேயே இதைப் பற்றி எழுதிவிட்டார். எழுபது ஆண்டுகளாக ஓடுகிற முறைதான். ஆனால் அதில் ஒரு பொல்லாத ஓட்டை இருக்கிறது. மீனுக்கும் பயம் உண்டு.

ஈட்டி வைத்து மீன் குத்தும் பாரில் இறங்கிப் பாருங்கள். பெரிய கலவாய் உங்களைக் கண்டதும் பொந்துக்குள் போய்விடும், விளமீன் பத்துப் பன்னிரண்டு மீட்டர் தள்ளியே திரும்பிவிடும். அது உங்கள் நாடாவின் அகலத்துக்குள் வரவே வராது. பல ஆண்டுகள் யாரும் தொடாத இடத்திலோ அதே மீன் 'யாரிது புதுசா' என்று முகத்துக்கு நேரே வந்து நிற்கும். ஆக வெளியே இருப்பதைக் குறைத்து எண்ணுகிறோம், உள்ளே இருப்பதைக் கூட்டி எண்ணுகிறோம். உங்கள் வரைபடத்தில் உள்ள இடைவெளியில் ஒரு பகுதி மீனின் எண்ணிக்கை அல்ல, மீனின் குணம்.

நீளமும் அப்படித்தான். முகமூடிக் கண்ணாடி வழியே எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். பழகிய கண் அதைத் திருத்திக்கொள்ளும், புதியவர் கண் திருத்தாது. எடை ஏறக்குறைய நீளம் × நீளம் × நீளம் என்ற கணக்கில் ஏறுவதால், நீளத்தில் 10 விழுக்காடு கூட்டிச் சொன்னால் எடையில் 33 விழுக்காடு கூடிவிடும். ஒவ்வொரு பருவமும் இறங்குவதற்கு முன், அளவு வெட்டிய பிளாஸ்டிக் குழாய்த் துண்டுகளைத் தண்ணீருக்குள் கட்டித் தொங்கவிட்டு எல்லோரையும் மதிப்பிடச் சொல்லுங்கள். நான் முதல்முறை செய்தபோது 30 சென்டிமீட்டர் குழாயை 38 என்று எழுதினேன். அதுவரை நான் எழுதிய கணக்கையெல்லாம் நினைத்து அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

ஆழிநீர்:
இந்தக் குழாய்ச் சோதனையை முதல் ஆண்டில் மட்டும் செய்தோம். அப்புறம் ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தார்கள். ம்ம்.

பயத்துக்கு என்ன வழி? ஆள் இல்லாத கேமரா?

மூழ்காளி:
ஆமாம், இரை கட்டிய கேமரா. ஒரு சட்டத்தில் கேமராவைப் பொருத்தி, எதிரே ஒரு பையில் நசுக்கிய மத்தி மீனை வைத்துக் கடலடியில் இறக்கி ஒரு மணி நேரம் விட்டுவிடுவது. ஒரே மீன் பத்து முறை வந்து போகும் என்பதால் மொத்தமாகக் கூட்டக் கூடாது. ஒரே காட்சியில் அதிகபட்சம் எத்தனை தெரிகிறதோ அந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். இரண்டு கேமராக்களைச் சாய்த்து வைத்தால் நீளத்தையும் நன்றாகவே அளந்துவிடலாம்.

இதிலும் குறை இருக்கிறது. இரையின் வாசனை நீரோட்டத்தோடு எவ்வளவு தூரம் போகும் என்று நமக்குத் தெரியாது, ஆகவே எத்தனை சதுர மீட்டரில் எண்ணினோம் என்று சொல்ல முடியாது. பாசி மேயும் கிளிமீனுக்கு மத்தியில் என்ன ஆசை? கேமராவுக்கு வருபவை பெரும்பாலும் ஊனுண்ணிகள். இரண்டு முறையையும் சேர்த்தே வையுங்கள்.

கரைவலை:
மூன்று தலைமுறையாகக் கடலுக்குப் போகிற குடும்பம் எங்களுடையது. கேமரா, குழாய் எல்லாம் இருக்கட்டும். அந்தப் பெரியவர் சொன்னதை யாரும் காதில் வாங்கவில்லை.

எல்லை போடும்போது எங்கே போடுகிறார்கள்? மீன் நன்றாக இருக்கிற பாரில். அந்தப் பார் கரைக்குக் கிட்டே இருக்கிறது. கிட்டே போகிறவன் யார்? சின்னப் படகுக்காரன். பெரிய இயந்திரம் வைத்தவனுக்கு இன்னும் ஐந்து மைல் தள்ளிப் போவது ஒரு பொருட்டே இல்லை. எங்களுக்கு அது எண்ணெய்ச் செலவு, காற்று, திரும்பி வருவோமா என்கிற பயம். அப்படிப் போக முடியாதவர்கள் எல்லாம் எல்லைக்கோட்டை ஒட்டி வரிசையாக நிற்கிறார்கள். முன்பு பத்துப் படகு இருந்த இடத்தில் இப்போது முப்பது. உள்ளேயிருந்து மீன் வந்தால்தான் என்ன, முப்பதாகப் பங்கு போட்டால் ஒரு படகுக்கு என்ன தேறும்?

உங்கள் வரைபடத்தில் மீனை எண்ணியிருக்கிறீர்கள். படகை எண்ணினீர்களா?

எண்சுவடி:
கரைவலை அண்ணன் கேட்டதுதான் புள்ளியியலில் மிகப் பழைய சிக்கல். மீன்வள அறிவியலில் ரே ஹில்போர்ன் போன்றவர்கள் இதைப் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள்: ஓர் இடத்தை மூடினால் அங்கே இருந்த படகுகள் ஆவியாகிவிடுவதில்லை, பக்கத்துக்குப் போகின்றன. பக்கத்தில் மீன் குறைகிறது. உள்ளே கொஞ்சமும் கூடாவிட்டாலும் 'உள்ளே ÷ வெளியே' என்ற விகிதம் ஏறிவிடும். மூடியதன் பாதிப்பே மூடியதன் வெற்றியாக வரைபடத்தில் தெரியும்.

இதைப் பிரித்தறிய இரண்டு வேண்டும். மூடுவதற்கு முன் எடுத்த கணக்கு. அப்புறம், எல்லையை ஒட்டி மட்டுமல்லாமல் படகுகள் இடம்பெயர்ந்து போகாத அளவுக்குத் தள்ளியிருக்கும் ஒப்பீட்டு இடங்கள். உள்ளே, பக்கத்தில், தூரத்தில் என்று மூன்றும் இருந்தால்தான் கதை புரியும். ஆழிநீர், உங்களிடம் எவை இருக்கின்றன?

ஆழிநீர்:
மூடுவதற்கு முன் ஒரே ஒரு பருவம் எண்ணியிருக்கிறோம், அதுவும் நான்கே இடங்களில். வெளி இடங்கள் எல்லாமே எல்லையிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள். தூரத்தில் ஒன்றுமில்லை. படகை எண்ணவில்லை.

ஆனால் வெளியே கோடு இறங்கவில்லையே, சமமாகத்தானே இருக்கிறது?

எண்சுவடி:
கரைவலை சொல்வது போல அங்கே படகு மூன்று மடங்காகியும் கோடு இறங்காமல் இருந்தால், அது நல்ல செய்தி. உள்ளேயிருந்து ஏதோ வந்து ஈடுகட்டுகிறது என்று அர்த்தம். படகு கூடவே இல்லை என்றால் ஒன்றும் வரவில்லை என்று அர்த்தம். ஒரே கோட்டுக்கு இரண்டு எதிரெதிர் விளக்கம். எது சரி என்று படகு எண்ணிக்கை இல்லாமல் சொல்ல முடியாது. அதனால்தான் அவர் கேட்டது உங்கள் வரைபடத்தை விட முக்கியம்.

பவளப்பூச்சி:
எல்லோரும் சேர்ந்து காப்புப் பகுதியே வீண் என்று முடித்துவிடுவீர்கள் போலிருக்கிறது. பிலிப்பைன்ஸில் சுமிலோன் தீவைப் பாருங்கள். 1974இல் அங்கே பாரின் கால் பங்கை மூடினார்கள். பத்து ஆண்டு கழித்து, 1984இல், அந்தக் காவல் உடைந்து எல்லோரும் உள்ளே புகுந்து பிடித்தார்கள். பிடிக்கும் பரப்பு கூடிவிட்டது, பாடும், அதாவது பிடிபடும் மீனும், கூட வேண்டும் அல்லவா? அடுத்த இரண்டு ஆண்டுகளில் மொத்தப் பாடு ஏறக்குறைய பாதியானது. ஆய்வாளர்கள் ஆஞ்சல் அல்காலாவும் கேரி ரஸ்ஸும் 1990இல் இதை வெளியிட்டார்கள். மூடிய கால் பங்குதான் மீதி முக்கால் பங்குக்கும் ஊட்டிக்கொண்டிருந்தது. திறந்து பார்த்துத்தான் அது தெரிந்தது.

வழிந்து வருவது வளர்ந்த மீன் மட்டுமல்ல, குஞ்சும் வரும். ஆஸ்திரேலியாவில் பெருந்தடுப்புப் பவளத்திட்டின் கெப்பல் தீவுகளில் மரபணு வைத்துக் குஞ்சு மீனுக்குத் தாய் தகப்பன் யார் என்று தேடினார்கள். 2012இல் வெளியான முடிவு: அங்குள்ள பாரில் 28 விழுக்காடே காப்பகம், ஆனால் 30 கிலோமீட்டர் சுற்றுவட்டத்தில் வந்து சேர்ந்த குஞ்சுகளில் ஏறக்குறைய பாதி அங்கிருந்து வந்தவை.

காரணம் சினை. பெரிய மீன் கூடுதலாக முட்டையிடும் என்பது எல்லோருக்கும் தெரியும், எவ்வளவு கூடுதல் என்பதுதான் தெரியாது. 30 கிலோ எடையுள்ள ஓர் அட்லாண்டிக் காட் மீன், 2 கிலோ மீன்கள் 28 சேர்ந்து இடுவதை விட அதிகம் இடுகிறது என்று 2018இல் கணக்கிட்டார்கள். அந்த 28 மீன்களின் மொத்த எடை 56 கிலோ! பெரிய தாய்மீன் சாகாமல் இருக்க ஓர் இடம் வேண்டாமா?

கரைவலை:
30 கிலோமீட்டர் என்கிறீர்கள். அதாவது எங்கள் பார் மூடப்பட்டது, குஞ்சு போய்ச் சேர்ந்தது பக்கத்துத் துறைக்காரனுக்கு. அவன் ஒன்றையும் இழக்கவில்லை. சந்தோஷம்தான், மீன் எங்கேயோ வாழ்கிறது. ஆனால் இழந்தவனுக்கும் பெறுபவனுக்கும் நடுவே ஒரு கணக்கு யாரும் போடவில்லை.

பவளப்பூச்சி:
இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை.

நெறியாளர்:
இழுவைமடி வலை சரியா தப்பா என்று நடந்த பன்னிரண்டு பதிவுகளைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறேன். இங்கே கணக்கெடுப்பு பற்றி மட்டும்.

புதுக்கடல்:
ஒரு வாளித் தண்ணீர் எடுத்து மரபணு பார்த்தால் எல்லா மீனும் தெரிந்துவிடும் என்கிறார்களே? மூழ்கவே வேண்டாமே?

மூழ்காளி:
யார் யார் இருந்தார்கள் என்று சொல்லும். பொந்துக்குள் ஒளிந்திருப்பவை, இரவில் மட்டும் வருபவை, கண்ணுக்குத் தப்பியவை எனப் பலவும் அதில் சிக்கும். ஆனால் மீனின் நீளத்தைச் சொல்லாது. நீரோட்டம் வேறு இடத்திலிருந்து கொண்டுவந்த மரபணுவும் அதில் கலந்திருக்கும். எல்லைக்கு உள்ளே 60 சென்டிமீட்டர் கலவாயா, வெளியே 20 சென்டிமீட்டர் கலவாயா என்பதுதானே இங்கே கேள்வி. வாளிக்கு இரண்டும் ஒன்றுதான்.

துறைமேடை:
நான் மீன் இறங்குதுறையில் அளவெடுக்கிற வேலை பார்த்தவன். தண்ணீருக்குள் இறங்காமலே பாதி விடை கிடைக்கும். கையில் ஓர் அளவுப் பலகை போதும்.

எந்த இனம் எந்த நீளத்தில் முதன்முதலாகச் சினை பிடிக்கிறது என்பது பெரும்பாலான மீன்களுக்குத் தெரிந்த விஷயம். இறங்குகிற கூடையில் எத்தனை மீன் அந்த நீளத்தைத் தாண்டியிருக்கிறது என்று பாருங்கள். மீன்வள ஆய்வாளர் ரெய்னர் ஃப்ரோசே 2004இல் மூன்றே அளவுகோல் சொன்னார்: பிடிபடுவதில் எத்தனை பங்கு முதிர்ந்தவை, எத்தனை பங்கு பிடிக்கத் தகுந்த நீளத்தில் உள்ளவை, எத்தனை பங்கு மிகப் பெரிய தாய்மீன்கள். முதல் இரண்டும் முழுமையை நெருங்க வேண்டும், மூன்றாவது முடிந்தவரை பூஜ்யத்தை. இதை எந்த மீனவரிடமும் ஒரு கூடையை வைத்துக்கொண்டே விளக்கிவிடலாம், வரைபடமே வேண்டாம். 'இவள் இன்னும் ஒருமுறைகூடச் சினை விடவில்லை' என்று காட்டினால் புரியாத கடலோடி கிடையாது.

கலவாயில் இன்னொரு சங்கதி. அது பெரும்பாலும் பெண்ணாக வளர்ந்து, பெரிதான பின் ஆணாக மாறும் இனம். பெரியதாகப் பார்த்துப் பிடித்துக்கொண்டே வந்தால் ஆண்கள்தான் முதலில் தீரும். எண்ணிக்கைக் கோடு நன்றாகவே இருக்கும், சினைக்கு உயிர் கொடுக்க ஆள் இருக்காது. ஆழிநீர், நீளத்தைத் தனியாக வரைந்தீர்களா, இல்லை எல்லாவற்றையும் கூட்டி ஒரே எண்ணாக்கினீர்களா?

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். 'ஒரு படகுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு' என்ற கணக்கை மட்டும் நம்பாதீர்கள். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் காட் மீன் அழிந்துகொண்டிருந்தபோதும் பெரிய கப்பல்களின் பாடு நன்றாகவே இருந்தது. மிச்சமிருந்த மீன் ஓரிடத்தில் கூடி நின்றது, கப்பல்களுக்கு அந்த இடம் தெரியும். 1992இல் மீன்பிடிப்பையே நிறுத்த வேண்டியதாயிற்று.

ஆழிநீர்:
கூட்டி ஒரே எண்ணாக்கியிருக்கிறோம். ஆனால் பலகைக் குறிப்புகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன, பிரித்துவிடலாம்.

விளக்குப்படகு:
காவல் படகில் சில ஆண்டுகள் இருந்தவன் என்ற முறையில் ஒன்று. நீங்கள் எண்ணுவது பகலில். திருட்டு நடப்பது இரவில். உள்ளே ஒரு பாரில் கோடு திடீரென இறங்கினால் அது இயற்கையா, வெப்பமா, திருட்டு வலையா? காவல் போன நாள், நேரம், பார்த்த படகு இவற்றின் பதிவேட்டை உங்கள் வரைபடத்தின் அடியிலேயே போடாவிட்டால் ஒருநாளும் தெரியாது. சின்னப் படகுகளில் இருப்பிடம் காட்டும் கருவி பெரும்பாலும் இருக்காது, செயற்கைக்கோள் தடத்தில் அவை வராது. கண்ணால் பார்ப்பதுதான்.

இது சில்லறை விஷயம் இல்லை. 2014இல் 87 காப்பகங்களை ஒப்பிட்ட ஓர் ஆய்வு, ஐந்து குணங்களைத் தேடியது: முழுத் தடை, சரியான காவல், பத்து ஆண்டைத் தாண்டிய வயது, நூறு சதுர கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பு, மணலாலோ ஆழத்தாலோ தனித்து நிற்பது. அவற்றில் ஒன்றோ இரண்டோ மட்டும் உள்ளவை 59 விழுக்காடு. மீன்பிடிக்கிற சாதாரண இடத்துக்கும் அவற்றுக்கும் வித்தியாசமே தெரியவில்லை. 2017இல் வந்த இன்னோர் ஆய்வில், போதிய ஆட்கள் உள்ள காப்பகங்களில் பலன், ஆட்கள் போதாத காப்பகங்களைப் போல 2.9 மடங்கு. எங்கள் படகிலோ மாதத்தில் பாதி நாள் எண்ணெய் இருக்காது. அறிவிப்புப் பலகை மட்டும் கரையில் பளபளவென்று நிற்கும்.

மீன்கள் முட்டையிடக் கூட்டமாகக் கூடும் இடத்தையாவது கண்ணில் எண்ணெய் விட்டுக் காக்க வேண்டும். கரீபியன் கடலின் கேமன் தீவுகளில் நசாவ் கலவாய் குளிர்காலப் பௌர்ணமியை ஒட்டி ஒரே இடத்தில் கூடும். தெரிந்தவன் சில இரவுகளில் துடைத்துவிடலாம், துடைத்தும் விட்டார்கள். 2003இல் அந்த இடத்துக்குத் தடை போட்டார்கள். சில ஆண்டுகள் அசைவே இல்லை, பிறகுதான் ஏறியது. அங்குள்ள லிட்டில் கேமன் தீவில் மூன்று மடங்குக்கு மேல் ஆனது. ஐந்தாம் ஆண்டில் யாராவது 'பலனில்லை, திறந்துவிடு' என்று சொல்லியிருந்தால் கதை முடிந்திருக்கும்.

புதுக்கடல்:
அப்படியானால் ஆண்டுக்கு ஒரு மாதம் திறந்துவிட்டால் இரு பக்கமும் சமாதானம் ஆகாதா? மடகாஸ்கரில் அப்படிச் செய்ததாகப் படித்தேன்.

துறைமேடை:
மடகாஸ்கரில் செய்தது ஆக்டோபஸுக்கு. அது மாதக் கணக்கில் மளமளவென்று வளரும், ஓரிரு ஆண்டில் செத்துவிடும். 2004இல் அங்கே ஆண்டவடூக்கா என்ற ஊரில் சில மாதம் மூடித் திறந்தபோது கனமான ஆக்டோபஸ் கிடைத்தது, சனங்களும் நம்பினார்கள், பக்கத்து ஊர்களும் தொடர்ந்தன.

இருபது முப்பது ஆண்டு வாழ்கிற பார் மீனுக்கு அதே வித்தை பலிக்காது. ஹவாயில் வைக்கீக்கி கரையில் 1978 முதல் ஒரு பகுதியை மாற்றி மாற்றி மூடித் திறந்தார்கள். மூடிய காலத்தில் சேர்ந்ததெல்லாம் திறந்ததும் போய்விட்டது. 2002 வரைக்குமான கணக்கில் மீனின் மொத்த எடை மூன்றில் இரண்டு பங்கு குறைந்திருந்தது. உண்டியலை நிரப்பி நிரப்பி உடைப்பது மாதிரி.

எண்சுவடி:
திறப்பதென்றால் இத்தாலியின் தோரே குவாச்சேத்தோ காப்புப் பகுதியைப் பார்க்கலாம். சில ஆண்டுகள் முழுதாக மூடிவைத்து, 2005இல் நடுப்பகுதியை மூடியபடியே விட்டு வெளி வளையத்தை மட்டும் திறந்தார்கள். உள்ளூர்ப் படகுக்கு மட்டும் அனுமதி, வாரம் ஒரு நாள், கண்ணி பெரிய வலை, வலையின் நீளத்துக்கும் வரம்பு. மீனவர்களும் அறிவியலாளர்களும் சேர்ந்து வகுத்த விதி அது. முதலில் காப்புப் பகுதிக்கு வெளியே கிடைப்பதைப் போல நான்கு மடங்கு பாடு, பிறகு இறங்கி ஏறக்குறைய இரண்டு மடங்கில் நின்றது. பாடு இறங்கி வந்ததை மீனவர்களும் கூடவே இருந்து பார்த்தார்கள்.

அந்தப் பெரியவரின் இரண்டாவது கேள்விக்கு இங்கேதான் வருகிறேன். கோடு இறங்கினால் என்ன செய்வோம் என்பதை இறங்கிய பிறகு பேச உட்கார்ந்தால் சண்டைதான் வரும். முன்கூட்டியே எழுத வேண்டும்: எந்த இனம், எந்த எண், எத்தனை பருவம் தொடர்ந்து, யார் என்ன செய்வது. ஏறினால் என்ன என்பதையும் அதே தாளில் எழுத வேண்டும். அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஏறினால் மீனவருக்கு ஒன்றும் இல்லை, இறங்கினால் தடை இறுகும் என்றால் அவர் ஏன் அந்தக் கணக்கை நம்ப வேண்டும்?

கரைவலை:
இதை எழுதும்போது எங்களையும் உட்கார வைத்தால் சரி. எழுதிக் கொண்டுவந்து கையெழுத்து கேட்டால் மறுபடியும் பழைய கதைதான்.

ஆழிநீர்:
மூன்று வாரம் கழித்து வருகிறேன். நீளத்தைப் பிரித்து வரைந்தோம். உள்ளே கூடியதில் பெரும்பகுதி நடுத்தர அளவு. மிகப் பெரிய கலவாய் ஆறு ஆண்டில் அவ்வளவாகக் கூடவில்லை. கேமன் கதையைப் படித்த பிறகு அது அவ்வளவு பயமுறுத்தவில்லை, ஆனால் கூட்டத்தில் நாங்கள் காட்டிய பெருமைக்கு அது தாங்காது.

பெரியவரைத் தேடிப் போனேன். அடுத்த பருவத்துக்குத் தூரத்து இடங்கள் ஆறு சேர்க்கிறோம், அவற்றை அவர் தேர்ந்து தருகிறார். படகு எண்ணுவது அவர் பேரனின் வேலை: வாரம் இரண்டு நாள், விடியலில், எல்லையை ஒட்டி. துறையில் அளவுப் பலகை ஒன்று வைத்தாயிற்று. குழாய்ச் சோதனை இனி ஒவ்வொரு பருவமும், நான் உட்பட.

தாள் இன்னும் எழுதவில்லை. 'இறங்கினால்' என்ற பகுதிக்கு ஒரே மாலையில் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். 'ஏறினால்' என்ற இடத்தில்தான் இரண்டு கூட்டமாக நின்றுகொண்டிருக்கிறோம். வெளி வளையத்தை வாரம் ஒரு நாள் தூண்டிலுக்கு மட்டும் விடலாம் என்பது அவர்கள் கட்சி. பத்து ஆண்டு முடியட்டும் என்பது எங்கள் குழுவில் பாதிப் பேர். நான் எந்தப் பாதி என்று பெரியவர் கேட்டார். முதலில் படகுக் கணக்கு வரட்டும் என்றேன். "அது வரும் தம்பி, பையன் எண்ணிருவான்" என்றார்.